அப்பாவின் காருக்கு ஆயிரம் குறை

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் செந்தூரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் மருமகள் சுதாஜினியும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே நேர்த்தி. வாராவாரம் போனில் முகம் பார்க்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாங்கள் கதைப்பதெல்லாம் பக்கத்தில் நிற்கிற அப்பாவுக்கும் கேட்கும். இது அவர் கேட்கக் கூடாத கதை. பக்கத்து வீட்டு நிசாந்தினி லீவு முடிந்து இன்றிரவு கனடா திரும்புகிறாள். உனக்கு அனுப்புகிற முறுக்கு டின்னுக்கு அடியில் இதை வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிறு நீ சினந்துகொண்டு, "அந்தக் காரை வித்துப்போட்டு ஓட்டோவிலை திரியுங்கோ" என்று போனை வைத்துவிட்டாய். வவுனியாவில் இருக்கிற தரகர் சிவகரனுக்கும் சொல்லிவிட்டாய். தம்பி, காரை விற்காதே. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உன் கோபத்தில் பிழை இல்லை. கிளினிக்குக்கு பஸ்ஸில் இடிபட்டுப் போக வேண்டாம் என்றுதான் வாங்கித் தந்தாய். வந்த நாளில் இருந்து அப்பாவுக்கு அதில் ஒன்றுமே பிடிக்கவில்லை. முதல் நாளே டவுன் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிறுத்தினார். அது ஹைபிரிட் கார்தானே, நின்றதும் எஞ்சின் தானாக அடங்கிவிட்டது. கார் செத்துப்போச்சு என்று இறங்கிப்போய் பொனற்றைத் திறந்துவிட்டார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, "பொறும் ஐசே, இதுக்கு மூச்சில்லை" என்று கத்தினார். ஊரே பார்த்தது.

சத்தம் போடாத வாகனத்தை ரோட்டில் படுத்திருக்கிற மாடுகூட மதிக்காதாம். திறப்புப் போடாமல் பொத்தானை அழுத்தி ஓடுவதற்கு இது என்ன, மின்விசிறியா என்று கேட்பார். காலையில் எடுத்தவுடன் ஒரு பெண் குரல் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். அதற்கு "ஓம் பிள்ளை" என்று மறுமொழி சொல்லாமல் காரை நகர்த்த மாட்டார். பிறகு உனக்கு, "அவள் என்ன சொல்லுறாள் எண்டு தெரியாமல் எப்பிடி ஓடுறது" என்று முறைப்பாடு. முன் இருக்கையில் உர மூட்டையை வைத்தால் பெல்ற் போடச் சொல்லி மணி அடித்தது. மூட்டைக்குப் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு பரந்தன் சந்தியில் இருந்து வீடு வரை வந்தார். என் இடத்தில் யூரியா குந்தியிருந்து வந்ததென்று பின்வீட்டு இராசமலர் இன்றைக்கும் சிரிக்கிறாள். மேலதிகச் சில்லு இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டை விழுந்த டயரை அடைக்கிற ஒரு போத்தல் பசையைக் கண்டுபிடித்த அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவே இல்லை.

கமராக் கதை உனக்குத் தெரியும். கார் வந்ததும் முறிகண்டிக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, அப்பா எக்கி நின்று முன் கண்ணாடியின் உச்சியில் நடுவாகப் பெரிய சந்தனப் பொட்டு ஒன்று வைத்தார். பொட்டு என்றால் நெற்றியில்தானே வைப்பது? காருக்கு நெற்றி அதுதான். ரோட்டைப் பார்க்கிற கமராவையும் ஜப்பான்காரன் அதே இடத்தில்தான் வைத்திருக்கிறான். அன்றிலிருந்து மஞ்சள் விளக்கும் கீச்சுச் சத்தமும். நீ அங்கேயிருந்து வீடியோ வீடியோவாக அனுப்பினாய். கடைசியில், "பொட்டை அழியுங்கோ அப்பா" என்றாய். அழித்தார், விளக்கு நின்றது.

பிறகும் அந்த விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது என்று அப்பா உனக்குச் சொன்னார் அல்லவா? ஏன் எரிந்ததென்று நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கிற நேரம் கிட்ட வர, அப்பா சாமியறையில் இருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகிறார். குசினி யன்னலால் என் கண்ணால் பார்த்தேன். அதே இடத்தில் பொட்டை வைத்து, காரை ஸ்ரார்ட் பண்ணி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல சந்தோஷமாக வந்து கதிரையில் இருந்து உன் போனுக்குக் காத்திருந்தார்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அடுப்படியில் நின்று அழுதேன்.

நீ போய் ஏழு வருஷம். கார் வருவதற்கு முன்னம் நீங்கள் இருவரும் கதைத்தது எனக்கு மனப்பாடம். "அப்பா சுகமோ?" என்பாய். "ஓம், சுகம். இந்தா, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பார். அவ்வளவுதான். உங்களுக்குள் கோபம் ஒன்றும் இல்லை, கதைக்க ஒன்றும் அகப்படவில்லை. நெல்லுக்கதை உனக்கு அலுப்பு, உன் கொம்பியூட்டர் வேலை அவருக்கு விளங்காது. இப்போது அரை மணித்தியாலம் சண்டை பிடிக்கிறீர்கள். நான் போனைக் கேட்டாலும் தருகிறார் இல்லை. உண்மையில் அந்தக் காருக்கு ஒரு குறையும் கிடையாது. வந்த நாளில் இருந்து ஒரு தடவைகூட எங்களை வழியில் விட்டதில்லை.

புதன்கிழமை சிவகரன் காரைப் பார்க்க வந்தான். அப்பா எல்லாக் குறையையும் சொல்லி அவனைத் துரத்துவார் என்று நினைத்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். விலையைக் குறைக்கிற எண்ணத்தில் அவனே குறை சொல்லத் தொடங்கிவிட்டான். "தகடு மெல்லிசு ஐயா, தட்டினால் நெளியும்" என்றான். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "இடிபட்டால் அது நசுங்கி உள்ளுக்கை இருக்கிற ஆளைக் காப்பாத்தும். அதுக்கெண்டுதான் அப்பிடிச் செய்திருக்கு. என்ரை மோன் சொன்னவன்" என்றார். பற்றரி போய்விடும் என்றான் அவன். காற்றுப் போகிற வழியைத் துப்புரவாக வைத்திருந்தால் கன வருஷம் நிற்கும், அதையும் மோன் சொன்னவன் என்றார். மேலதிகச் சில்லு இல்லையே என்றதற்கும் மறுமொழி வைத்திருந்தார்: பாரம் குறைந்தால் பெற்றோல் மிச்சமாம். நீ சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் தவற விடவில்லை, செந்தூரன். உன்னோடு வாதாடுகிறபோது மட்டும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்கிறார். சிவகரன் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான்.

அவன் போன பிறகு என்னிடம் வந்து, "மோன் உண்மையா விக்கப்போறானோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆகையால் சிவகரனுக்குப் போன் எடுத்து, விற்கவில்லை என்று சொல்லிவிடு. சந்தனக் கதை உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. இந்தக் கிழமை பின் சில்லுப் பக்கம் ஏதோ கறகறக்கிறது என்று சொல்ல ஆயத்தமாக இருக்கிறார். கராஜுக்குக் கொண்டுபோங்கோ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. எந்தப் பக்கம், திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேள். அவர் ஒன்று சொன்னால் நீ வேறொன்று சொல்லு. நல்லாய்ச் சண்டை பிடியுங்கள், எனக்குப் போன் தராவிட்டாலும் பரவாயில்லை.

வற்றாப்பளை அம்மன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரை முழிக்காதே.

இன்னொன்று. எப்போதாவது ஒரு ஞாயிறு அப்பா, "காருக்கு ஒரு குறையும் இல்லை தம்பி, நல்லா ஓடுது" என்று சொன்னால், அன்றைக்கு என்னிடம் ஒன்றும் விசாரித்துக்கொண்டு நிற்காதே. லீவு போட்டுவிட்டு உடனே வந்துவிடு, ராசா.

உன் அம்மா,
அருந்ததி