வால் உடைந்த எழுத்து

அக்கா,

பெரிய பேரன் டொக்டராகிவிட்டான். இரண்டாமவனுக்கு வங்கியில் வேலை. சின்னவள் சட்டப் படிப்பில் முதல் வகுப்பு. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்ததும் "பிள்ளைகள் எப்படி?" என்றுதான் கேட்பீர்கள், அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். இனிப் பயத்தை எழுதுகிறேன்.

இன்று குட்மேய்ஸ் ரயில் ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் கண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் அந்த வால் உடைந்த 'ஜி' எழுத்தை எங்கே கண்டாலும் தெரியும். நீங்கள் சாவதற்கு முன் சின்னவளுக்குக் கொடுத்த டைப்ரைட்டரின் எழுத்து அது. லண்டனுக்கு வந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் வாங்கியது என்று பெருமையாகத் துடைத்து வைத்திருப்பீர்களே, அதேதான்.

உங்கள் ருமேனியாவில் டைப்ரைட்டர் வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் அதைப் பொலிசுக்குத் தூக்கிக்கொண்டு போய், ஒரு தாள் அடித்துக் கொடுக்கவேண்டும் என்றீர்கள். "சுடுகிற துவக்கென்றால் சரி, இதுக்குமா?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் தம்பி சாப்பிடப் பாண் கேட்டு நாலு வரி அடித்து, பெயர் போடாமல் சுவரில் ஒட்டியிருக்கிறார். எழுத்தை ஒத்துப்பார்த்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். சிறையிலிருந்து திரும்பியவர் பிறகு ஒரு வாழ்த்து மடல்கூட எழுதவில்லை. "ஆள் வாய் மூடினாலும் மெஷின் பெயர் சொல்லும்" என்றீர்கள்.

நானும் ஊரில் ஆமி சுற்றிவளைத்துத் தேடிய நாட்களில், முகம் தெரியக்கூடாதென்று பிள்ளைகளின் படங்களை அடுப்பில் போட்டு எரித்தவள். யோசிக்கவில்லை. நோட்டீசைக் கிழித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, சின்னவள் முன்னால் நீட்டினேன்.

"இது நீ அடிச்சதோ?"

"ஓம் அம்மம்மா. பக்கத்து அடுக்குமாடிச் சனத்தை வீட்டுச் சொந்தக்காரன் வெளியில எழுப்பப் பாக்கிறான். கூட்டம் வைக்கிறம்."

"மெஷின் காட்டிக் குடுக்குமடி!"

"மெஷின் என்னத்துக்கு? கீழ பாருங்கோ, என்ர பேரே கிடக்கு. கிழிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள். நல்லாப் பொலிஸ் வேலை பாக்கிறியள், அம்மம்மா!"

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு உங்கள் வாசலில் வந்து நின்றவர்களின் ஞாபகம் வந்தது, அக்கா.

நாளைக் காலை அதை நானே திரும்ப ஒட்டப் போகிறேன். ஒட்டப் போகும்போது உங்கள் தம்பியும் பயந்திருப்பாரா? கேட்காமல் விட்டுவிட்டேன். பயம் என்னை விட்டுப் போகாது. பசைக் குப்பியோடு அதையும் பையில் கொண்டுபோவேன்.

ஒட்டி முடிந்ததும் சுவரோடு சேர்த்து என்னைப் புதிதாக ஒரு படம் எடுத்து, எல்லாருக்கும் அனுப்பச் சின்னவளிடம் சொல்லியிருக்கிறேன். முகம் தெரியத்தான்.