பதினான்கு வினாடி

ஜனவரி 8

அன்பு மகனுக்கு,

முழங்கால் பழைய கதைதான். பேத்திக்குப் பல் முளைத்ததா என்று எழுது.

எதிர்வீட்டுத் தையல்காரி படுத்துவிட்டாள். முப்பது வருஷப் பழக்கம். காது மந்தம், போனில் பேச முடியாது. அவள் மருமகள் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறாள். அங்கிருந்து கையாட்டுகிறாள், நானும் ஆட்டுகிறேன். நேரில் போகலாமென்றால் நீ போட்ட சிக்னல் விடுவதில்லை. பாதி ரோட்டிலேயே பச்சை போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை ஒரு லாரிக்காரர், "ஏம்மா, இந்த வயசுல வீட்டுல இருக்கக் கூடாதா?" என்றார். திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன்.

நீ அந்த டிராஃபிக் ஆபீசில்தானே இருக்கிறாய், கொஞ்சம் பார்.

உன் அம்மா

ஜனவரி 19

அன்புள்ள அம்மா,

பல் இரண்டு முளைத்துவிட்டது, எல்லாரையும் கடிக்கிறாள்.

சிக்னலில் தவறில்லை. பதினான்கு வினாடி விதிப்படி சரி, நானே அளந்தது. கூட்டினால் பின்னால் வண்டிகள் தேங்கும். கொஞ்சம் தள்ளி நடைமேம்பாலம் இருக்கிறது. முடியாவிட்டால் டாக்ஸி பிடித்துக்கொள். கோடையில் வரும்போது நானே கூட்டிப்போகிறேன்.

வேலை கழுத்தை நெரிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உன் மகன்

பிப்ரவரி 2

அன்பு மகனுக்கு,

நடைமேம்பாலத்துக்கு நாற்பத்தெட்டுப் படி. கீழே நின்றே எண்ணினேன். டாக்ஸிக்காரரிடம் எதிர்வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். "எந்த எதிர்வீடு?" என்றார். கையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எப்படி அளந்தாய் என்று நினைவிருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்த புதிது. "நீதாம்மா சரியான ஆளு, வேகமும் இல்ல, மெதுவும் இல்ல" என்று ஸ்டாப்வாட்சோடு என்னை மூன்று தரம் நடக்கவிட்டாய். தையல்காரி வாசலில் நின்று சிரித்தாள். பன்னிரண்டு வினாடி ஆயிற்று, இரண்டு சேர்த்துக்கொண்டாய். ஊரே என் நடைக்குத்தான் ரோட்டைக் கடக்கிறது என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு. இப்போது எழுபத்து மூன்று. சிக்னலுக்கு மட்டும் வயசாகவில்லை.

மருந்துக்கடை வாசலில் என் வயசுக்காரர்கள் இன்னும் நாலு பேர் நின்று நின்று திரும்புகிறார்கள்.

நேற்று அவள் கையாட்டவில்லை. மருமகள்தான் அவள் கையைப் பிடித்து ஆட்டினாள். கோடைவரை தாங்குவாளா தெரியவில்லை.

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் ஐந்து வாரமாக மேஜையில் கிடந்தது.

நேற்று பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், "நடந்தவர்: அம்மா" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் அங்கே நடந்து பார்க்கவில்லை, நான் உட்பட. திங்கட்கிழமையிலிருந்து இருபத்தாறு வினாடி. வண்டிகள் தேங்கட்டும். தையல்காரி அத்தையைப் பார்த்துவிட்டு எழுது.

மன்னித்துக்கொள், அம்மா.

உன் மகன்

மார்ச் 20

அன்பு மகனுக்கு,

நேற்றுக் காலை கடந்தேன். நடுவில் நின்று மூச்சு வாங்கினேன், பச்சை அப்படியே இருந்தது. மருந்துக்கடை வாசல் நாலு பேரும் கூடவே வந்தார்கள். "உங்க பையன் நல்லா இருக்கணும்மா" என்றார் ஒருவர். உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

தையல்காரி போய்ப் பதினாறு நாளாகிறது. அவளை வண்டியில் ஏற்றியபோது நான் இந்தப் பக்கம் ஜன்னலில் நின்றேன். உனக்கு எழுதவில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது.

கட்டில் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதில் உட்கார்ந்து பார்த்தேன், நம் வீடு அவ்வளவு பக்கத்தில் தெரிகிறது. "உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள் மருமகள். "சிக்னல்ல நிக்கிறாங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

கோடையில் வரும்போது ஸ்டாப்வாட்சைக் கொண்டு வா. இனி வருஷத்துக்கு ஒரு தரம் என்னை நடக்கவிட்டு அளந்துகொள்.

கோபமில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். இருக்கிறது. இருந்தாலும் வா.

அம்மா