கால் கடையும் மிஷின் நமக்கு வேண்டாம்

மாதனூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பூவரசன் அண்ணனுக்கு,

அம்மா, அப்பா, பாரதி மூன்று பேரும் எழுதுவது. இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறோம், நீயும் எத்தியோப்பியா குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்கிறாள். அம்மாவே எழுதியிருப்பாள், கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பதால் எழுத்து கலங்குகிறதாம், அவள் சொல்லச் சொல்ல பாரதி நான் எழுதுகிறேன். நடுவில் என்னுடையதும் வரும். உன் கம்பெனி நிசார் அஹமது பாய் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார், இந்தக் கடிதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். ஊறுகாயில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, வெயில் காட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். அங்கே வெயில் வருமா என்று என்னைக் கேட்கிறாள், எனக்கென்ன தெரியும்.

அம்மாவைக் கம்பெனியில் செக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலைதான், ஆனால் போன மாதம் நூல் பிரிந்த ஷூ ஒன்றைப் பார்க்காமல் விட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை வேலூர் போய்க் கண் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி அடுத்த வாரம் வந்துவிடும். அப்பா ஃபிட்டர் வேலையில் அப்படியேதான் இருக்கிறார். சனிக்கிழமை ஓவர்டைம் பார்க்காதே என்று அம்மா சொன்னால் தலையாட்டுகிறார், சனிக்கிழமை காலையில் பார்த்தால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்.

இனி லேத் விஷயம். நான் பத்தாவதோடு நின்றுவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று அப்பா பழைய தையல் மிஷின் மோட்டாரில், மரம் கடைய லேத் மாதிரி ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தாரே, அதில் நான் கடைந்த பூரிக்கட்டையைப் பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அக்கா வாங்கிப் போய், அவர் அண்ணி, அண்ணியின் தங்கை என்று இப்போது ஐந்து பேர் கேட்கிறார்கள். ஆனால் அந்த மோட்டாருக்கு ஒரே வேகம்தான், போன வாரம் கட்டை பிடி நழுவிப் பறந்து சுவரில் அடித்தது. அப்பா சுவரைத் தடவிப் பார்த்தார், அம்மா என்னைத் தடவிப் பார்த்தாள். அதைக் கேட்டுத்தான் நீ நல்ல லேத் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றாய், ஆம்பூரில் மூடிய ஷூ கம்பெனியில் மரம் கடைகிற பெரிய லேத் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றும் சொன்னாய். நம் ஊரில் எது வாங்குவதானாலும் மூடிய கம்பெனியில்தானே முதலில் கேட்போம், நம் வீட்டுத் தையல் மிஷினும் ஃபேனும் அப்படி வந்தவைதான். அப்பாவும் நானும் போனோம். கரண்ட் இல்லை, மிஷின் தூசி படிந்து சும்மா நின்றது. முழுக்க வார்ப்பிரும்பு. அப்பா தோளால் முட்டிப் பார்த்தார், அசையவில்லை. இன்னா கனம், இது உன் பேத்தி காலம் வரைக்கும் ஓடும் என்று அங்கேயே உனக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். உளியை ஊன்றிப் பிடிக்க லேத்துக்கு முன்னால் ஓர் இரும்புத் தாங்கி இருக்க வேண்டும், நான் பார்த்த வீடியோ எல்லாவற்றிலும் இருந்தது, இதில் இல்லை. கேட்கலாமா என்று நினைத்தேன், சுற்றி நாலு ஆட்கள் நின்றார்கள், நீயும் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாய், நல்லா இருக்குண்ணா என்று சொல்லிவிட்டேன். மாசக் கடைசிக்குள் முடித்துவிடலாம் என்று நீயும் போனை வைத்துவிட்டாய்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் நான் மட்டும் ஆம்பூர் போனேன். கேட்டில் இருக்கிற அப்துல் ஹமீத் பாயிடம் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டேன், அதைக் கேட்கவே கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றேன். அவர் ஜெனரேட்டரைப் போட்டு, ஒரு பக்கம் ஷூ ஏற்றுகிற கால் அச்சு ஒன்றை மாட்டினார், மறுபக்கம் வெறும் மரக்கட்டை. இரண்டும் சேர்ந்து மெதுவாகச் சுற்றின. ஒரு சின்னச் சக்கரம் அச்சைத் தடவிக்கொண்டே போக, வெட்டுகிற சக்கரம் அதைப் பார்த்து இந்தக் கட்டையைச் செதுக்கியது. கொஞ்ச நேரத்தில் கட்டை ஒரு பாதமாக வந்து நின்றது. நம் கையால் செய்ய அதில் எதுவுமே இல்லை அண்ணா. பூரிக்கட்டை வருமா பாய் என்று கேட்டேன். கால்தான்மா வரும், லெஃப்ட் வேணுமா ரைட் வேணுமா என்றார். சிரித்துவிட்டு, இந்த மிஷின் எங்களுக்கு வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன். ஷூ கம்பெனி ஆட்கள் நாம், லேத் என்றதும் நம் மனசு நேராகக் கால் அச்சுக்குத்தான் போயிருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அப்புறம், கனம் நல்ல கனம் என்றார்.

செவ்வாய்க்கிழமை கண் காட்டப் போனபோதே, இதையும் ஒரு பார்வை பாரேன் என்று அம்மா என்னை வேலூர் மிஷின் கடைக்கு இழுத்துப் போயிருந்தாள். அங்கே மேஜை மேல் வைக்கிற சின்ன லேத் ஒன்று இருக்கிறது. வீட்டு ப்ளக்கிலேயே ஓடும். ஒரு திருகைத் திருப்பினால் வேகம் குறையும், கூடும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் முக்கியம், கோணல் கட்டையை மெதுவாகச் சுற்றவிட்டு உருளையாகச் செதுக்கிக்கொண்ட பிறகு வேகம் கூட்டலாம். கட்டையைப் பிடிக்கிற இரண்டு முனைகளையும் நெருக்கி வைத்துப் பார்த்தேன், ஊசியும் ஊசியும் போல நேராகச் சந்தித்தன. உளித் தாங்கி ஏற்றி இறக்குகிற மாதிரி இருக்கிறது. மேஜையை அப்பா அடித்துக் கொடுத்தால் கட்டை என் முழங்கை உயரத்துக்கு வரும், குனிய வேண்டாம், ஆட்டம் வராமல் அடியில் மணல் மூட்டை போட்டுக்கொள்ளலாம். பெரிய தட்டு, பெரிய கிண்ணம் வராது, சின்னக் கிண்ணம் வரும். போனில் படம் பார்த்த அப்பா, இன்னா இது, மிக்ஸி மாதிரி இருக்குது என்றார். மிக்ஸிதான் தினம் ஓடுது, உங்க கிரைண்டர் மூணு வருஷமா மூலையில தூங்குது என்றாள் அம்மா. அவர் எழுந்து பலகைக்கு அளவு எடுக்கப் போய்விட்டார்.

பெரிய லேத்துக்கு நீ ஒதுக்கிய பணத்தில் வருகிற மீதியில் நல்ல உளி நாலும் முகத்தை மூடுகிற கண்ணாடி மறைப்பும் வாங்க வேண்டும், முதல்நாளே வாங்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டாமல் மிஷின் கிட்டே போக மாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிவிட்டாள். உனக்கும் சொல்கிறாள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சம்பளம் வந்த அன்றே எல்லாவற்றையும் இங்கே அனுப்பிவிடாதே, உனக்கென்று ஒரு கம்பளி வாங்கு. நிசார் பாய் அடுத்த லீவுக்கு வரும்போது உன் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினால் மற்ற சட்டைகளை இங்கேயே தைத்து வைப்பாளாம். நீ நூறாயுசாக, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

லேத் விஷயத்தில் கடைசியாக, எதுவானாலும் உன் இஷ்டம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. அதை மட்டும் நான் எழுதப் போவதில்லை அண்ணா. போனில் நல்லா இருக்கு என்று சொன்னது பொய், மன்னித்துவிடு. கால் கடையும் மிஷினுக்குச் சரி சொல்லாதே. எனக்கு அந்தச் சின்னதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா பாக்யலட்சுமி (கையெழுத்து மட்டும்)
எழுதியது, தங்கை பாரதி