முள் இறங்காத வண்டி

கிழக்குக் குடில், நிலவின் தென்முனை
பணிக்குறிப்பு: இருதயராஜ், நிலநடுக்கப் பிரிவு

நாள் 211 | 09:10

கருவிகள் ஒழுங்கு. காற்றுச் சுத்திகரிப்பான் ஒழுங்கு. சின்ன அதிர்வுகள் மூன்று, கூரையில் பூனை குதித்த அளவுக்குத்தான்.

தினமும் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும் என்று மருத்துவரின் உத்தரவு இருப்பதால் அதையும் குறிக்கிறேன். நேற்றும் மலை ரயில் ஓட்டும் கணினி விளையாட்டுதான். முதன்மைத் தளத்தில் ரேடியோ மேசையைக் கவனிக்கும் கோகிலவாணி டிரைவர். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் நான் கரி போடும் ஃபயர்மேன். மேட்டுப்பாளையத்துக்காரி என்ற திமிரில் வண்டியை உதறி உதறி எடுக்கிறாள். நீராவியைச் செலவழிப்பது அவள், வேர்த்துக் கொட்டுவது நான்.

இந்த விளையாட்டில் பொம்மைத்தனம் கிடையாது. கரி போட்டால் பிடிக்க நேரமாகும். பாய்லருக்குள் தண்ணீர் விட்டால் அழுத்தம் காட்டும் முள் இறங்கும். இது டேங்க் எஞ்சின். தண்ணீருக்கென்று பின்னால் தனி வண்டி இல்லை, இரண்டு விலாவிலும் உள்ள தொட்டிதான் கதி. கல்லாறில் பல்சக்கரம் பிடித்து ஏறினால் ஹில்குரோவ் நிலையம் வருவதற்குள் தொட்டி வறண்டுவிடும். அங்கே இறங்கித் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

ஃபயர்மேன் இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் ‘உதவியாள்’ என்ற நிரல் தானே கரி போடத் தொடங்கும். என் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அது வேலை கற்றது. சோம்பேறிகளுக்கான வசதி. நான் அதைச் சீந்துவதில்லை.

விளையாட்டின் தகவல் போவது நிலநடுக்கக் கருவியின் கம்பி வழியாக. கோகிலவாணியின் கைவேலை. தலைவர் துரைக்கண்ணுவுக்குத் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும், அந்தக் கம்பியில் பாதி இடம் சும்மாத்தான் கிடக்கிறது.

நாள் 211 | 15:20

நடுக்கம். பெரியது. பள்ளத்தின் விளிம்பு சரிந்து வெளி அறையின் மேல் விழுந்துவிட்டது. விண்கவசம், பெரிய கணினி, செய்தி அனுப்பும் ரேடியோ எல்லாம் அங்கேதான் இருந்தன. நடுக்கதவு தானாக மூடிக்கொண்டதால் உயிரோடு இருக்கிறேன்.

உள் அறையில் மிஞ்சியவை: படுக்கை, கேட்க மட்டுமே முடிகிற குட்டி ரேடியோ, விளையாட்டுப் பெட்டி, இருமிக்கொண்டே ஓடும் சுத்திகரிப்பான். இது இப்படியே ஓடினால் நாளை மதியம் வரை மூச்சு விடலாம்.

இந்தக் கைக்கருவியில் எழுதுவது எங்கும் போகாது. கண்டெடுப்பவர் இதைக் கோகிலவாணியிடம் கொடுக்கவும்.

நாள் 211 | 17:45

ரேடியோவில் கேட்டது. என்னைத் தேடி ஊர்தியில் புறப்பட்ட தாவூதிடம் தலைவர் பேசுகிறார்.

“தாவூத், குடில்ல காத்தழுத்தம் பூஜ்யம் காட்டுது. சரிவு இன்னும் ஓடிட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய் மாட்டிக்க வேணாம். இனிமே உடம்பைத்தான் எடுக்கப் போறோம், அதுக்கு அவசரம் இல்ல.”

“சரிங்க சார். சமதளத்துல நிறுத்திக்கிறோம். அதிர்வு அடங்கினதும் திரும்புறோம்.”

பூஜ்யம் காட்டுவது வெளி அறையின் அளவி. வெளி அறைதான் நொறுங்கிவிட்டதே! உள்ளே ஒருவன் இருக்கிறானே என்று யாருக்கும் தோன்றவில்லையா? கத்தினேன். கத்தினால் காற்றுதான் வீணாகும் என்று தெரிந்தும் கத்தினேன்.

கோகிலவாணி மைக்கை அணைக்க மறந்திருந்தாள். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

நாள் 211 | 19:30

விளையாட்டுப் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. கம்பி அறுபடவில்லை! திரையில் வண்டி கல்லாறில் நிற்கிறது. உதவியாள் கரி போட்டுக்கொண்டிருக்கிறது.

எழுத்துப் பலகை இல்லை. பேசும் வசதி இல்லை. எஞ்சினில் நிற்பவனுக்கு எதற்குத் தட்டச்சு என்று இதைச் செய்த புண்ணியவான்கள் அதை வைக்கவேயில்லை. நானும் அப்போது அதைப் பாராட்டினேன். விசில் கயிறு டிரைவர் பக்கம். எனக்கு உள்ளது கரிவாரி, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர், நிலையத்தில் தண்ணீர் பிடிக்கும் குழாய். இவ்வளவுதான்.

திடீரென்று நீராவியை விடும் ரெகுலேட்டர் திறந்தது. அதே உதறல். அவள் வந்துவிட்டாள்.

நாள் 211 | 20:40

கரியை விட்டு விட்டுப் போட்டு அபாயச் செய்தி அனுப்பப் பார்த்தேன். மூன்று குறுகியது, மூன்று நீண்டது, மூன்று குறுகியது. பாய்லர் என்ன தபால் பெட்டியா? நான் போடுகிற வாரி அவள் திரையில் தெரியாது, முள்தான் தெரியும். அந்த முள்ளோ எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி கழித்து ஒரு மயிரிழை அசைந்தது. அசல் எஞ்சின் அப்படித்தான் இருக்கும். அசலாக இருக்கிறதே என்று கொண்டாடியவன் நான்தான்.

ரேடியோவில் தாவூத் அவளிடம் கேட்டார்.

“வாணிம்மா, கொஞ்சம் படுக்கக் கூடாதா?”

“தூக்கம் வர்றதில்லீங்ணா. ரயில் ஓட்டிட்டு இருக்கேன். அவன்ற பெட்டி இன்னும் ஓடுதுங். ஹெல்ப்பர் கரி போடுது. முள்ளு நிக்கறதப் பாத்தா அச்சு அசல் அவன்ற கையேதான்.”

என் கைதான், கோகிலவாணி. என் கையேதான். ஒழுங்காகக் கரி போட்ட பாவத்துக்கு என்னைச் செத்தவனாக்கிவிட்டாய்.

நாள் 211 | 22:15

தலை வலிக்கிறது. யோசித்தேன். உதவியாள் ஒருபோதும் செய்யாததைச் செய்ய வேண்டும்.

கரியை மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீரை நிறுத்தினேன். பாய்லரில் நீர் குறைந்தால் தீயறையின் கூரை காய்ந்துபோகும், எஞ்சின் பாழ். எந்த உதவியாளும் அதை விடாது. கண்ணாடிக் குழாயில் மட்டம் பாதிக்கு வந்தது. கால்வாசிக்கு வந்தது. பார், கோகிலவாணி, பார்.

பார்த்தாள். பார்த்தவள் தன் பக்கத்து இன்ஜெக்டரைத் திறந்து தண்ணீரை ஏற்றிவிட்டாள். டிரைவருக்கும் ஒன்று இருப்பதை மறந்துபோனேன். மறுபடி குறைத்தேன், மறுபடி ஏற்றினாள். நல்ல டிரைவர். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்ததற்கு, இன்றைக்கென்று பார்த்துத் திறமையைக் காட்டுகிறாள்.

“ஹெல்ப்பருக்கு என்னமோ ஆயிப்போச்சுங்ணா. தண்ணியே விடமாட்டேங்குது.”

அழுதேன். அழுதேன் என்றே பதிவு செய்கிறேன்.

நாள் 212 | 00:05

ஹில்குரோவ். தொட்டி காலி. வண்டியைக் குழாயடியில் கச்சிதமாக நிறுத்தினாள். தண்ணீர் பிடிக்க வேண்டியவன் நான். பிடிக்கவில்லை. உதவியாள் குறுக்கே வராதபடி குழாயின் பிடியைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். இப்போதாவது புரியாதா?

“ஹேங் ஆயிருச்சுங்ணா. குழாயடியில நின்னுட்டு பே-ன்னு முழிக்குது. அணைச்சிட்டு முதல்ல இருந்து போட்டுப் பாக்கறேன்.”

அணைத்தால் தொடர்பு போய்விடும். இந்தப் பக்கம் மறுபடி இணைக்கப் பெரிய கணினி வேண்டும், அது மண்ணுக்கடியில். எனக்குக் கை கால் ஓடவில்லை. குழாயைத் திறந்துவிட்டேன்.

“அட, இரு... தண்ணி ஊத்துதே!”

ஊற்றியது. நான் திறந்த நொடியே அவள் திரையில் ஊற்றியது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இந்த எஞ்சினிலேயே சட்டென்று பதில் சொல்லும் ஒரே பொருள் இந்தக் குழாய்தான். அவள் பேசுவது எனக்குக் கேட்கிறது. உதவியாளுக்குக் காது கிடையாது.

மூடினேன்.

“நின்னுருச்சு.”

திறந்தேன்.

“மறுக்கா வருது. என்னடா இது...”

மூடினேன். அவள் குரல், ரகசியம் பேசுவதுபோல.

“இருதயம்? ... நீயா? நீயா இருந்தா தண்ணியத் தொற.”

திறந்தேன்.

“மூடு.”

மூடினேன்.

“டேய்... டேய் பாவி! சார்! துரைக்கண்ணு சார்! அவன் இருக்கறான் சார்!”

மேற்கொண்டு அவள் பேசியது புரியவில்லை. நானும் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஹில்குரோவ் நடைமேடை முழுக்கத் தண்ணீர்.

நாள் 212 | 01:10

தாவூதின் ஊர்தி இங்கே வரவேண்டும். சரிவு முழுதாக நிற்கவில்லை. ஊர்தியில் அவரோடு இன்னொரு ஆளும் இருக்கிறார். காற்றைப் பற்றிக் கேட்டாள், ஒவ்வொரு மணியாகச் சொல்லி நிறுத்தினாள், நான் தண்ணீரால் தலையாட்டினேன். மதியம் வரை என்றது என் தப்புக்கணக்கு. சுத்திகரிப்பான் இருமுவதைக்கூட நிறுத்திவிட்டது. காலை வரையே சந்தேகம்.

தலைவர்: “தாவூத், உங்க முடிவுதான். நான் கட்டளை போட மாட்டேன்.”

தாவூத்: “போறோம் சார். ஆனா ஒண்ணு. உசிரோட இருக்கிறவனுக்காகத்தான் அந்தச் சரிவுல ஏறுவேன். எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்கு. நடுவுல அவரு மயங்கிட்டா மெஷின் பதில் சொல்லுமே, நமக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. விளையாட்டின் அமைப்புப் பட்டியலைத் திறந்து உதவியாளை அணைத்தேன். திரையின் மூலையில் அது தயார் என்று காட்டும் பச்சைப் புள்ளி மறைந்தது. முன்பே அணைத்திருந்தால் அதையும் கோளாறு என்றிருப்பாள். இப்போது பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“ஹெல்ப்பர அணைச்சிட்டான் சார். இனிமே முள்ளு எறங்காம நின்னா அவன் கரி போடறான்னு அர்த்தம். விழுந்தா...”

தலைவர்: “முள்ளு நூறு பவுண்டு அழுத்தத்துக்குக் கீழ விழுந்தா திரும்பிடுங்க, தாவூத்.”

தாவூத்: “நிக்கிற வண்டியில அழுத்தம் அப்படியே இருக்குமே வாணிம்மா?”

“ஓட்டிட்டே இருப்பேனுங்ணா. நிறுத்த மாட்டேன். என்ற சத்தியமா.”

விசில் அடித்தாள். ஹில்குரோவிலிருந்து புறப்பட்டோம். முள் நூற்று எண்பதில் நிற்கிறது. அது இனி நான்.

நாள் 212 | 03:30

முள் நூற்று அறுபது. அடுத்த நிலையமான ரன்னிமேடு வருகிறது. மெதுவாக, ஒரு உதறல்கூட இல்லாமல் ஓட்டுகிறாள். இப்படி ஓட்டத் தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் என்னை வதைத்திருக்கிறாள்.

ஒரு வாரி போட்டால் மூச்சு வாங்குகிறது. பொத்தானை அழுத்துவதுதான் வேலை, அதற்கே இப்படி. வெறும் விரல்.

ஊர்தி சரிவில் ஏறிவிட்டது. அவர்கள் சக்கரத்துக்கடியில் மண் நழுவும் சத்தம் ரேடியோவில் கேட்கிறது.

பயமாக இருக்கிறது. சாக எனக்கு இஷ்டமே இல்லை.

நாள் 212 | 04:50

நூற்று முப்பது.

தூங்கிவிட்டேன் போல. அவள் விசிலை விடாமல் அடித்து எழுப்பினாள். நான்கு வாரி. பாதிக் கரி எங்கே விழுந்ததோ.

“போடு கண்ணு. போடு. இன்னும் ஒண்ணு.”

நூற்றுப் பதினைந்து.

நாள் 212 |

நேரம் பார்க்க முடியவில்லை. எண்கள் நீந்துகின்றன.

ஒன்று புரியவில்லை. நான் கரி போட்டு வெகுநேரம் ஆகிறது. முள் நூற்றுப் பத்து. அப்போதும் நூற்றுப் பத்து. இறங்கவில்லை.

சக்கரத்தைப் பார்த்தேன்.

நிற்கிறது. ரெகுலேட்டர் மூடியிருக்கிறது. காட்டுக்கு நடுவே, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில், வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

தாவூத்: “வாணிம்மா, முள்ளு எவ்வளவு?”

“நூத்திப்பத்துங்ணா.”

“வண்டி ஓடுதுல்ல?”

“ஓடுதுங்ணா. கரி போட்டுட்டேதான் இருக்கறான். வாங்க. சீக்கிரம் வாங்க.”

கோகிலவாணி. வேண்டாம். அவருக்கு மூன்று பிள்ளைகள். சத்தியம் செய்தாயே.

வேண்டாம் என்று சொல்லக் குழாய் இல்லை. குழாய் ஹில்குரோவில் இருக்கிறது.

வா என்றும் சொல்ல

ஒரு வாரி போட்டுவிட்டால் போதும். ஒன்றே ஒன்று. போட்டுவிட்டால் நீ அவரிடம் சொன்னது பாதியாவது நிஜமாகிவிடும்

விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது

அழுத்து