இடிக்கு நடுவே ஒரு அப்டேட்

வெள்ளி, போயா (பௌர்ணமி) விடுமுறை

இன்று மாலை நான்கு மணிக்கு, எவரையும் கலந்தாலோசிக்காமல், என் கொம்பியூட்டரின் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதென்று முடிவெடுத்தேன். பம்பலப்பிட்டியில் பொறுக்கிய பாகங்களை வெள்ளவத்தை வீட்டில் நானே ஒன்றாகப் பூட்டிய பெட்டி அது. இந்த இயந்திரத்துக்கு ஏதும் நடந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று இயங்குதளக் கம்பனிக்காரர் திரையில் எச்சரித்தார்கள். தொடரச் சொன்னேன். உள்ளே மனைவி வாசுகி மூன்று வருடமாகத் தயாரித்த வினாத்தாள்கள். நாளை காலை ஆறு மணிக்கு அவள் நடத்தும் டியூஷன் வகுப்பு.

பாதியில் இடி முழங்கியது. இடி கேட்டால் இந்த வீட்டில் முதலில் பிளக்கைக் கழற்றுவோம், பிறகுதான் யோசிப்போம். வாசுகி ஓடிவந்து கழற்றினாள்.

"ஐயோ, அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததப்பா!"

"எரிஞ்சிருந்தா? என்ர பேப்பரெல்லாம் கொப்பி எடுத்து வச்சனீங்கள்தானே?"

நான் மழையைப் பார்த்தேன்.

மழை விட்டதும் பிளக்கைப் போட்டேன். நெடுநேரம் கறுப்புத் திரை. வாசுகி பின்னால் நின்றாள். பிறகு மெல்லிய வெள்ளைக் கோடொன்று தோன்றி, விட்ட இடத்திலிருந்து தானாகவே நகர்ந்தது. எவரும் பொறுப்பேற்காத, இரண்டு திருகாணி குறைந்த பெட்டி தன்னைத்தானே தூக்கி நிறுத்திக்கொண்டது. என்னையறியாமல் எழுந்து நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"எல்லாம் இருக்குது," என்றாள் வாசுகி. தன் வினாத்தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிண்டரை மட்டும் அதற்கு இப்போது அடையாளம் தெரியவில்லை. வாசுகி முன்னறையில் நாளைய வினாத்தாளைப் பிள்ளைக்கு ஒன்றாகக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். இப்போது ஒன்பதாவது பிள்ளையினுடையது.