பின் இருக்கையில் ஒரு சாண் இடம்

அனுப்புநர்:
பா. மாரிராஜ்,
ஆட்டோ ஓட்டுநர் (சொந்த வண்டி),
குத்துக்கல்வலசை, தென்காசி.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
தென்காசி.

பொருள்: தென்காசி அரசுப் பெண்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவி மஞ்சுவை உடன் படிப்பவர்கள் ஒதுக்குவது – அவள் படிப்பை நிறுத்தாமல் காக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை பள்ளியிலும் மீதியை ரோட்டிலும் படித்தவன். குற்றால சீசனில் ஒரே நாளில் நானூறு பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். (முந்நூறு என்று வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை.) கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் பின்னால் இருப்பவர் ஊர், உத்தியோகம் எல்லாம் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணாடியில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

2. என் அக்காள் மகள் முத்துவடிவு உட்பட ஆறு மாணவிகளைத் தினமும் பள்ளியில் விடுகிறேன். (ஆறு பேர் ஏற்றுவது தப்புதான், அதற்கு வேறு ஆபீசில் பதில் சொல்லிக்கொள்கிறேன்.) ஐந்து பேர் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு வருவார்கள். ஜூன் மாதம் புளியறையிலிருந்து வந்து சேர்ந்த மஞ்சுவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் இடம் காலியாகவே வரும்.

3. யாரும் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. பிறந்தநாள் மிட்டாய் அவளைத் தாண்டிப் போகிறது. அவள் ஏறியதும் நிற்கிற பேச்சு, இறங்கியதும் தொடங்குகிறது. வகுப்பு டீச்சரிடம் விசாரித்தேன். புகார் எதுவும் வரவில்லை என்றார்கள். அதுவும் உண்மையே. முத்துவடிவைக் கேட்டதற்கு, “நாங்க அவள ஒண்ணுமே செய்யலியே மாமா” என்றாள். அம்மா, அந்த ஒன்றுமே செய்யாததுதான் என் புகார்.

4. போன வாரம் மஞ்சு என்னிடம், “மாமா, நான் முன்னால உங்க பக்கத்துல உக்காந்துக்கிடட்டா? பின்னால இடமில்ல” என்றாள். அந்த ஒரு சாண் எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை டிசி வாங்கப்போவதாக அவள் தாயார் வள்ளித்தாய் சொல்லுகிறார். வேறு பள்ளியில் சேர்க்கும் எண்ணமில்லை. தான் வேலை பார்க்கும் குற்றாலம் லாட்ஜுக்கே கூட்டிப்போவாராம்.

5. இது தொடங்கிய இடத்தையும் மறைக்கக் கூடாது. ஜூலையில் ஒரு சாரல் நாளில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பிள்ளைகள் என்னைக் கேலி செய்தார்கள். நானும் விடாமல், “ஏட்டி, புளியறை வளைவுல நிக்க பேயி இந்தப் பிள்ளைகூட ஏறி வந்துட்டு. அதான் வண்டி நகரமாட்டேங்கு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், மஞ்சுவும் சிரித்தாள். சிரிப்புக் கிடைக்கவே, மறுநாள் அந்தப் பேய்க்குக் கொலுசு போட்டேன். அதற்கும் மறுநாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பரீட்சையில் பெயில் என்றும் சேர்த்தேன். கதை கட்டுவதில் என்னை மிஞ்சத் தாலுகாவில் ஆள் கிடையாது. இப்போது பேயை எந்தப் பிள்ளையும் நம்பவில்லை. ஆனால் தள்ளி உட்காருவது பழகிவிட்டது.

6. ஆகவே, வள்ளித்தாயை அழைத்துப் பேசி டிசியை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். பிள்ளைகளை அதட்ட வேண்டாம். அதட்டினால் டீச்சர் முன்னால் ஒட்டி உட்கார்ந்துவிட்டு, ரோட்டுக்கு வந்ததும் விலகிக்கொள்வார்கள். வியாழன் காலைப் பிரேயரில் எனக்கு ஐந்து நிமிடம் மைக் தரச் சொன்னால் போதும். முப்பது வருஷமாகச் சொன்ன எந்தக் கதையையும் நான் திரும்ப வாங்கியதில்லை. இதை வாங்கிக்கொள்கிறேன். பேசப்போவதும் இவ்வளவுதான்: அன்றைக்கு வண்டியில் பேய் ஏறவில்லை. நான்தான் பெட்ரோல் போட மறந்திருந்தேன்.

இடம்: தென்காசி
நாள்: 18.08.2025

வெள்ளிக்கிழமைக்கு முன் தங்கள் உத்தரவு வரும் என்று நம்பும்,
பா. மாரிராஜ்
(கையொப்பம்)