விரல் நிற்கும் இடம்

1978 ஜனவரி 14

பொங்கல். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் பால் பொங்க வைக்க, நாங்கள் நாலு பேரும் பண்டாரவளை ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சூப் குடிப்பதற்கு வாசித்தோம். என் வீட்டுக்காரர் மாரிசாமி முதல் வயலின், நான் இரண்டாவது. பெரகல கடைக்காரர் ஸலீம் நானா வயலா. என் கூடப்பிறந்த வீரய்யா அண்ணன் செல்லோ.

பழைய தோட்டத் துரையின் பெண்சாதிக்குத் தன் சீமையில் நாலு பேராக வாசித்த ஆசை விடவில்லை. சின்ன வயதில் எங்கள் நாலு பேரையும் பொறுக்கியெடுத்துக் கற்றுக்கொடுத்தாள். தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் கருவிகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு.

இன்று மேல் ஸ்வரங்களில் இவர் சுருதி தாழ்ந்து தாழ்ந்து வாசித்தார். பக்கத்தில் இருந்த எனக்குக் கூசிற்று.

பெப்ரவரி 2

சந்தேகமே இல்லை, இவருக்குக் காது போகிறது. கதவைத் தட்டினால் கேட்கிறது, கோழிக்குஞ்சு கத்தினால் கேட்பதில்லை. சொல்லிப் பார்த்தேன்.

"என் காதுக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல ஒன் விரலைப் பாரு."

அப்புறம் சாப்பிடவும் வரவில்லை. பயந்திருக்கிறார். பாவமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது.

பெப்ரவரி 5

ஸலீம் நானாவும் கவனித்திருக்கிறார். நாலு பேர் என்றால்தான் வேலை என்பது ஹோட்டல் மேனேஜரின் பேச்சு. இவர் விலகினால் எல்லோருக்கும் சீட்டுக் கிழிந்தது. நானாதான் வழி சொன்னார்.

"அவரை மேல தூக்க ஒங்களால ஏலாது தங்கச்சி. நாம எறங்கிப் போவோம். நாலு பேரும் சேர்ந்து தாழ்ந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

பெப்ரவரி 11

இறங்கினோம். யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 20

இப்போதெல்லாம் யோசிக்காமலே விரல் இவர் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. உப்புக் குறைத்தே ஆக்கிப் பழகின கை மாதிரி. இவருக்கோ ஒரே சந்தோஷம். எங்களுக்கெல்லாம் இப்போதுதான் வாசிக்க வந்திருக்கிறதாம்.

ஓகஸ்ட் 9

கொழும்பில் இசைக்குழு நடத்தும் ஒரு சிங்கள அம்மா நேற்று ஹோட்டலுக்குச் சாப்பிட வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வில் இழுக்கிற கை நல்ல கை என்றார். குழுவில் ஓர் இடம் இருக்கிறதாம், வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "போ. நாங்க மூணு பேரும் என்னா செய்றதுன்னு அதையும் சொல்லிட்டுப் போ" என்றார்.

லயத்தின் இந்த ஒற்றைக் காம்பரா வீட்டில் மூச்சு முட்டுகிறது. வீட்டிலும் அதே முகம், வேலையிலும் அதே முகம். எந்தப் பக்கம் போறது நான்?

ஓகஸ்ட் 21

வீரய்யா அண்ணன்தான் இவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். நாளைக்கு அப்புத்தளையில் ரயில் ஏறுகிறேன். திரும்பி வரவே கூடாது — ஐயோ, எழுதிட்டேனே.

ஓகஸ்ட் 23

மானம் போச்சு.

பியானோவோடு வாசிக்கச் சொன்னார்கள். தந்திகளைப் பியானோவுக்குச் சரியாகத்தான் சுருதி கூட்டினேன். மேலே ஏற ஏற ஒவ்வொரு ஸ்வரமும் தாழ்ந்து விழுந்தது. எனக்குக் கேக்குது, நல்லாக் கேக்குது, விரல் மட்டும் அந்த மனுசன் நிக்கிற எடத்துலயே போய் நிக்குது! மறுபடியும் ஆரம்பித்தேன். மறுபடியும் அதேதான்.

அந்த அம்மா இரக்கத்தோடு பார்த்தார். காதை டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார். என்னத்தைச் சொல்றது? காட்டுறேங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வருசம் வேண்டுமானால் வந்து பார் என்றார்.

ஓகஸ்ட் 24

இவர் ஸ்டேஷனில் நின்றிருந்தார். வயலின் பெட்டியை வாங்கிக்கொண்டார். இடம் இல்லையாம் என்று நானே சொன்னேன். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை அவருக்கு.

நவம்பர் 5

கோயில் சாவியைப் பூசாரியிடம் வாங்கி, பஜனை ஆர்மோனியத்தோடு தினமும் தனியாக வாசிக்கிறேன். இன்று விரல் சரியான இடத்தில் நின்றது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும்! சாமி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 11

ஹோட்டலில் இன்று விரலைச் சரியான இடத்திலேயே வைத்தேன். பார்ப்போமே என்றுதான். இவர் வயலினும் என் வயலினும் ஒட்டாமல் உரசின. முன் மேசைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து இவரைப் பார்த்தார். மேனேஜர் வாசலுக்கு வந்து நின்றார். வீரய்யா அண்ணன் என்னைப் பார்த்தார். இவர் மட்டும் கண்ணை மூடி, சிரித்த முகமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் முன் மேசைக்காரர் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். நாலு பேர் வாசிப்பது போலவே இல்லையாம், ஒரே ஆள் வாசிப்பது போல இருக்கிறதாம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

நாளைக்குப் பூசாரியிடம் கோயில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.